மலை வண்டிக்கு நைலான் டயரா, ரேடியல் டயரா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் முதலில் விலையைத்தான் சொல்வார்கள். அது இருக்கட்டும், உள்ளே நூல் ஓடும் விதத்தைப் பார்ப்போம்.

நைலான் டயரில் நூல் அடுக்குகள் எதிரெதிர்ச் சாய்வில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தரையில் படும் பகுதியான ட்ரெட்டுக்கும் பக்கச்சுவருக்கும் அதே அடுக்குகள்தான். கொண்டை ஊசி வளைவில் பாரம் ஒருபக்கம் சாய்ந்தால் பக்கச்சுவரோடு ட்ரெட்டும் நெளியும், ஓரம் ரோட்டைவிட்டு எழும்பப் பார்க்கும். ரேடியலில் நூல் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு நேர்குறுக்காகப் போகிறது. அதன்மேல், ட்ரெட்டுக்கு அடியில், எஃகு பெல்ட். பக்கச்சுவர் நெளிந்தாலும் ட்ரெட் தரையில் தட்டையாகவே படியும். மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

சூட்டிலும் ரேடியல்தான் மேல். நைலானில் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டே சூடேறும். பர்லியார் வழியே கல்லாறு இறங்கும் வண்டியில் பிரேக் சூடும் ரிம் வழியாக வந்து சேரும். சமவெளிக்கு இறங்கியும் ஓட்டம் நிற்காத கேரட் லோடு வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் கதை வேறு. கூரான கல் பக்கவாட்டில் கிழித்தால் ரேடியலின் மெல்லிய பக்கச்சுவர் தாங்காது. பல அடுக்குள்ள நைலான் ஓரளவு தாங்கும். தோட்டத்தைவிட்டு வெளியே போகாத, மெதுவாக ஓடும் வண்டிக்கு நான் நைலானையே சொல்வேன்.

ட்ரெட் விஷயத்தில் பலர் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை: சேற்றுக்குப் பயந்து நாலு சக்கரத்துக்கும் கட்டை கட்டையாக ட்ரெட் உள்ள லக் டயர் போடுகிறார்கள். பெரிய கட்டைகள் சேற்றைக் கவ்வும், சரி. நனைந்த தார் ரோட்டிலோ தரையில் படும் ரப்பர் குறைவு, இரைச்சலும் அதிகம். முன்னால் நீளவாக்கில் பள்ளம் ஓடும் ரிப், பின்னால் நடுவில் ரிப்பும் ஓரங்களில் கட்டைகளும் உள்ள பாதி லக்: தார், மண் இரண்டிலும் ஓடுகிற வண்டிக்கு இதுவே போதும்.

ஊட்டி ஏறினால் டயரில் காற்று கூடிவிடும் என்கிறார்களே? வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் காற்றை அளக்கும் கேஜில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடத்தான் வேண்டும். குளிர் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதற்காகக் காற்றை இறக்காதீர்கள்.

ஒரே அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று மட்டும் கலக்கவே கூடாது, ஸ்டெப்னியாக மாட்டினாலும் சரி. சட்டப்படி ட்ரெட் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சும்வரை தேயலாம். ஐப்பசி மழையில் மலை இறங்குகிற வண்டியென்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.