அகேடியாவுக்கு மோட்டார்ஹோமில்: பிளாக்வுட்ஸா, ஸ்கூடிக் வுட்ஸா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடலோரமாக இருக்கும் அகேடியா தேசியப் பூங்காவுக்கு மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டியில்) போவதாக இருந்தால், முதலில் வண்டியின் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 27 மைல் நீளமுள்ள பார்க் லூப் சாலையில் அங்கங்கே கல் பாலங்களுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். அவற்றில் மிகத் தாழ்வானதன் உயரம் 10 அடி 4 அங்குலம்தான். வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை அதைவிட உயரம். கேடிலாக் மலை உச்சிக்குப் போகும் சாலையில் மோட்டார்ஹோமுக்கு அனுமதியே இல்லை.

ஆக, வண்டி முகாமில்தான் நிற்கப் போகிறது. அதை எங்கே நிறுத்தினால், மறுபடி எடுக்காமலே பூங்காவைப் பார்க்க முடியும்?

பூங்காவின் பிளாக்வுட்ஸ், ஸ்கூடிக் வுட்ஸ் முகாம்களில், வசதி என்று பார்த்தால் ஸ்கூடிக் வுட்ஸ் தனி ரகம். 2015-ல் திறந்த முகாம் என்பதால் மோட்டார்ஹோமை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் நேரடியாக இணைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பிளாக்வுட்ஸில் இரண்டுமே இல்லை. தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும், ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஓட்டலாம், வண்டி 35 அடிக்கு மேல் இருந்தால் இடமே கிடையாது. குளியலறை இரண்டு முகாமிலும் இல்லை. வண்டியில் இருப்பதுதான்.

அப்படியும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் பிளாக்வுட்ஸைத்தான் சொல்வேன். காரணம், பேருந்து. ஐலண்ட் எக்ஸ்புளோரர் என்ற இலவசப் பேருந்து முகாமுக்கே வருகிறது. சாண்ட் பீச்சில் இறங்கி, கடலை ஒட்டிய ஓஷன் பாத் நடைபாதையில் தண்டர் ஹோல் என்ற பாறைப் பிளவைத் தாண்டி ஆட்டர் பாயின்ட் வரை போகலாம். கோடையில் சாண்ட் பீச்சில் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். (குளிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். கோடையிலும் தண்ணீர் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம்.) இந்தப் பேருந்து கேடிலாக் உச்சிக்குப் போகாது. ஆனால் தெற்கு முகட்டுப் பாதை பிளாக்வுட்ஸ் பக்கத்திலேயே தொடங்குகிறது. போக வர 7 மைல். முட்டி ஒத்துழைத்தால் 1,530 அடி உச்சியை நடந்தே தொட்டுவிடலாம்.

ஸ்கூடிக்கிலும் இலவசப் பேருந்து ஓடுகிறது, ஆனால் அந்தத் தீபகற்பத்தைத்தான் சுற்றும். பிளாக்வுட்ஸும் பூங்காவின் பெரும்பகுதியும் மவுண்ட் டெசர்ட் தீவில் இருக்க, ஸ்கூடிக் மட்டும் எதிர்க்கரையில், பெருநிலத்தோடு ஒட்டியிருக்கிறது. தீவின் முக்கிய ஊரான பார் ஹார்பருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரம் ஆகும். கோடையில் ஸ்கூடிக் பக்கத்து ஊரான வின்டர் ஹார்பரிலிருந்து அங்கே படகு உண்டு, கட்டணம் தனி. கருங்கல் பாறையில் அலை மோதுவதைப் பார்க்க ஸ்கூடிக் பாயின்ட் அருமையான இடம், கூட்டமும் குறைவு. முகாமை ஒட்டி 8 மைலுக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. தீவை ஏற்கெனவே பார்த்தவர்கள், சின்னக் குழந்தைகளோடு ஒரே இடத்தில் தங்க நினைப்பவர்கள், ஏசி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் யோசிக்காமல் இங்கே போகலாம்.

சீவால் மூன்றாவது முகாம். தீவின் அமைதியான மேற்குப் பக்கம், இணைப்புகள் இல்லை, சாண்ட் பீச்சும் தூரம். மோட்டார்ஹோமுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பிளாக்வுட்ஸ் பேருந்து ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்கும், அக்டோபர் நடுவில் நின்றுவிடும். மே மாதம் போனால் பிளாக்வுட்ஸுக்கு நான் சொன்ன சாதகத்தில் பாதி போய்விடும். அப்போது பின்னால் ஒரு சிறிய காரை இழுத்துப் போவது நல்லது. அந்தக் காரிலும் மே பிற்பகுதியிலிருந்து கேடிலாக் உச்சிக்குப் போக இணையத்தில் தனியாக முன்பதிவு வேண்டும்.