கணைய லேப்ராஸ்கோப்பி: அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த பிரிவைப் பற்றி

அம்மாவின் கணைய வால் பகுதியில் இருந்த நீர்க்கட்டியை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே, அகற்றிய மருத்துவமனைப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. முதலில் போன வேறோர் இடத்தில், தழும்பு தெரியாது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் செய்கிறீர்கள் என்று கேட்டவுடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இங்கே அதற்கு எண்ணிக்கையாகவே பதில் கிடைத்தது. கசிவு என்ற சொல்லையும் மருத்துவரே முதலில் எடுத்தார். வெட்டிய முகப்பிலிருந்து கணைய நீர் கசியக்கூடும், அது பக்கத்து ரத்தக்குழாயை அரித்தால் பல நாள் கழித்தும் ரத்தப்போக்கு வரக்கூடும், துளை வழியே செய்வதால் மட்டும் இந்த அபாயம் ஒழிந்துவிடாது என்றார். கட்டி தலைப் பகுதியில் இருந்திருந்தால் வயிற்றைத் திறந்தே செய்திருப்பேன் என்றும் சொல்லி, தலைப் பகுதி அறுவையை இரு முறைகளிலும் ஒப்பிட்ட நெதர்லாந்தின் லெப்பர்ட்-2 ஆய்வைக் காரணம் காட்டினார். அதில் 90 நாளுக்குள் சிக்கல்களால் இறந்தவர்கள் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட 50 பேரில் 5 பேர், திறந்த அறுவை செய்துகொண்ட 49 பேரில் ஒருவர்; அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். தன் கைத்தொழிலுக்கு எதிரான கணக்கைத் தானே எடுத்து வைத்தவரிடம் அம்மாவை ஒப்படைக்க எனக்குத் தயக்கம் வரவில்லை.

அறுவைக்குப் பின் வீடியோவின் ஒரு பகுதியைக் காட்டினார்கள். கணையத்தை வெட்டி முகப்பை ஊசிகளால் மூடும் ஸ்டேப்ளர் கருவியின் இரு தாடைகளும் கணையத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகின்றன, நிற்கின்றன, மீண்டும் மூடுகின்றன. திரையில் பல நிமிடங்கள் வேறெதுவும் நடப்பதில்லை. அவசரப்பட்டு நசுக்கினால் மென்மையான சுரப்பி அந்த இடத்திலேயே கிழிந்து கசியும் என்பதால்தான் இந்தப் பொறுமையாம். ஸ்டேப்ளரால் கசிவு குறைந்துவிடுமா என்று கேட்டேன். கையால் தைப்பதோடு ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பிரிவின் உண்மையான தரம் தெரிந்தது வார்டில்தான். மூன்றாம் நாள், வயிற்றிலிருந்து நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயின் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தார்கள். ரத்தத்தில் இயல்பாக இருக்கும் உச்ச அளவைப் போல் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. உடல்நிலையில் மாற்றம் இல்லாதவரை இதை ஆய்வக அளவில் மட்டும் தெரியும் கசிவு என்றே கொள்ள வேண்டும், ஆனால் டிரெயினை எடுக்கக் கூடாது என்று விளக்கினார்கள். ஐந்தாம் நாள் மாலை, பையில் வைக்கோல் நிறத்தில் இருந்த நீர் கலங்கிச் சாம்பல் நிறமானதை முதலில் கவனித்தவர் ஒரு செவிலியர். காய்ச்சல் நூறைக்கூடத் தொடவில்லை. காலை வரை பார்க்கலாம் என்று யாரும் சொல்லாமல் அன்றிரவே சி.டி. ஸ்கேன் எடுத்து, இரைப்பைக்குப் பின்னால் தேங்கியிருந்த நீரை வெளியேற்றத் தோல் வழியாகக் குழாய் வைத்தார்கள்; மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. இப்படி நாள்தோறும் பார்த்து முன்கூட்டியே தலையிடும் முறையை நெதர்லாந்தின் 17 மருத்துவமனைகளில் கடைப்பிடித்தபோது, தலையீடு தேவைப்பட்ட ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவை சேர்ந்து 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்ததாக 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

குறைகளும் உண்டு. கணைய வாலை ஒட்டியிருக்கும் மண்ணீரலையும் எடுக்க நேரலாம்; அது போனால் தொற்று அபாயம் கூடும் என்பதால் அதற்கான தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். இவர்களுக்கு நினைவு வந்தது ஐந்து நாள் முன்புதான். நல்லவேளையாக மண்ணீரல் தப்பியது. குழாயோடு வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அச்சிட்ட தாளில், நீர் சிவந்தால் உடனே யாரை அழைப்பது என்ற எண்ணைக்கூடக் காணோம். இரண்டு முறை கேட்டுத்தான் வாங்கினோம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது தடுப்பூசிக்காகவும் தாளுக்காகவும்.