பதினாறு முடிந்த பிள்ளை: சிக்ஸ்த் ஃபோமா, அப்ரென்டிஸ்ஷிப்பா, வேலையா? வீட்டுக் காசு எப்படி மாறும்

பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையை முடித்த கோடையில் பிரிட்டனில் இருக்கிற எங்கள் வீடுகளில் பேச்சு முழுக்க என்ன பாடம், எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிற காசு இனி என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. செப்டெம்பரில் வாடகை போன பிறகு மிச்சம் ஏன் இவ்வளவு குறைவு என்று பார்க்கும்போதுதான் கேள்வி வருகிறது. அதற்குள் பிள்ளை ஓரிடத்தில் சேர்ந்திருக்கும், பிறகு கதைத்து என்ன பயன்?

அதனால் மூன்று வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, ஏப்ரலுக்கு ஏப்ரல் அவை மாறும். கணக்குப் போடும் விதம் பிடிபட்டால் புதிய தொகையை நீங்களே பொருத்திக்கொள்ளலாம். விதி ஊருக்கு ஊர் வேறுபடும் இடங்களில் இங்கிலாந்தின் விதியைத்தான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் பொதுவான ஒரு நாள் உண்டு: ஆகஸ்ட் 31. பதினாறாவது பிறந்தநாளிலோ கடைசிப் பரீட்சை நாளிலோ காசு நிற்பதில்லை. பதினாறு நிறைந்த பிறகு வருகிற ஆகஸ்ட் 31 வரை, பிள்ளை வீட்டில் படுத்திருந்தாலும், பிள்ளைகளுக்காக அரசு பெற்றோருக்குக் கொடுக்கும் சைல்ட் பெனிஃபிட்டும், வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பங்கும் வரும். அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது.

முதலில் சிக்ஸ்த் ஃபோம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருடம், அல்லது கொலிஜ். ஏ லெவல், டி லெவல், பீடெக், எதுவானாலும் சரி, கிழமைக்குச் சராசரி 12 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு இருந்து, பட்டப்படிப்புக்குக் கீழ் நிலையாக இருந்து, அதற்கான செலவை ஒரு முதலாளி கொடுக்காமல் இருந்தால் வீட்டுக் காசில் ஒன்றும் குறையாது. மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண், மற்றப் பிள்ளைகளுக்கு 17.25 பவுண் என்று சைல்ட் பெனிஃபிட் தொடரும். பிள்ளை சனி ஞாயிறு கடையில் நின்று உழைப்பதால் இதில் எதுவும் வெட்டப்படாது, பெற்றோரின் யூனிவர்சல் கிரெடிட்டிலும் அந்த உழைப்பு சேர்க்கப்படாது. இதை நம்பாமல் பிள்ளையைப் பகுதிநேர வேலைக்கு விடப் பயந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன், பயப்படத் தேவையே இல்லை. வயது எல்லையில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம்: பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முன் அந்தப் படிப்பில் சேர்ந்திருந்தால் சைல்ட் பெனிஃபிட் இருபது வயது வரை போகலாம், யூனிவர்சல் கிரெடிட் பங்கோ பத்தொன்பது முடிந்து வரும் ஆகஸ்ட் 31 உடன் நின்றுவிடும்.

ஆனால் இது தானாகத் தொடரும் என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளைக்குப் பதினாறாகிற ஆண்டில் வரி அலுவலகமான ஹெச்எம்ஆர்சியிலிருந்து ஒரு கடிதம் வரும், பிள்ளை தொடர்ந்து படிக்கிறதா என்று கேட்டு. பதில் சொல்லாவிட்டால், படிக்கவில்லை என்று எடுத்துக் காசை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடிதம் மைக்ரோவேவுக்கு மேல், மின்சார பில்லுக்கு அடியில், ஒன்றரை மாதம் கிடந்தது. மகள் கொலிஜில் இடம் எடுத்து வகுப்புக்கும் போகத் தொடங்கிவிட்டாள், காசு மட்டும் நின்றுவிட்டது. திரும்ப எடுத்துவிட்டோம், ஆனால் இடையில் பட்ட அலைச்சல் தேவையில்லாதது. இப்போது ஹெச்எம்ஆர்சியின் ஆப்பிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்று, ஹெச்எம்ஆர்சிக்குச் சொன்னால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் சொன்னதாக ஆகாது. அது வேறு அலுவலகம், அங்கே உங்கள் இணையக் கணக்கில் இருக்கும் ஜேர்னலில் தனியாக எழுத வேண்டும்.

அடுத்தது அப்ரென்டிஸ்ஷிப், சம்பளம் வாங்கிக்கொண்டே ஒரு தொழிலைப் பழகுவது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் இதுவும் படிப்புத்தானே, கொலிஜுக்கும் போகிறானே என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது வேலை. இங்கிலாந்தில் பிள்ளை அப்ரென்டிஸ்ஷிப் தொடங்கினால் சைல்ட் பெனிஃபிட் நிற்கும், யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பங்கும் போகும்.

எவ்வளவு போகும் என்பது அது எத்தனையாவது பிள்ளை என்பதைப் பொறுத்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவன் அப்ரென்டிஸ் ஆகிறான் என்று வையுங்கள். அவனுக்கு வந்த 26.05 பவுண் முழுதாகப் போகாது. இரண்டாவது பிள்ளை இப்போது மூத்த பிள்ளை ஆகிவிடுவதால் அந்தக் கூடிய தொகை அதற்கு ஏறும், உண்மையான இழப்பு கிழமைக்கு 17.25 தான். யூனிவர்சல் கிரெடிட்டிலும் அதே மாதிரி: மற்ற இரண்டு பிள்ளைகளும் 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்திருந்தால் முதல் பிள்ளைக்கான 339 பவுண் இரண்டாவது பிள்ளைக்கு மாறிவிடும், மாதம் 292.81 குறையும்.

ஒரே பிள்ளை, அல்லது கடைசிப் பிள்ளை என்றால் கதையே வேறு. வாடகை வீட்டில் தனியாகப் பிள்ளை வளர்க்கும், வேலைக்குப் போகும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கான 339 போகிறது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது வேர்க் அலவன்ஸ். பிள்ளை இருக்கும்வரை, வாடகைக்கும் யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்களுக்கு, சம்பளத்தில் முதல் 411 பவுணை அவர்கள் தொடமாட்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும்தான் 55 பென்ஸ் வெட்டுவார்கள். கடைசிப் பிள்ளை கணக்கிலிருந்து போனதும், உடல்நலக் காரணம் எதுவும் இல்லாவிட்டால், இந்த 411 இல்லாமல் போய் முதல் பவுணிலிருந்தே வெட்டு விழும். 411இல் 55 சதவீதம் 226 பவுண். ஆக 339, அதோடு 226, அதோடு மாதக் கணக்கில் சைல்ட் பெனிஃபிட் 113 பவுண் அளவு. மொத்தம் மாதம் 678 பவுண். வெட்டு, அந்த மாற்றம் நடந்த மாதக் கணக்கு முழுவதற்குமே விழும், நாள் கணக்குப் பார்த்துப் பிரித்துத் தரமாட்டார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அப்ரென்டிஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.55 பவுண். கிழமைக்கு 30 மணி நேரம் என்றால் 226.50, வரி விழும் அளவுக்குக் கீழே. மாதத்துக்கு 981 பவுண் அளவு வரும், பல முதலாளிகள் இதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளம் தாயின் யூனிவர்சல் கிரெடிட்டில் சேராது. வாடகைப் பங்கிலும், பிள்ளைக்கு 21 ஆகும்வரை, கூட இருக்கும் பெரியவர் என்று வெட்டு வராது. அப்படியானால் வீடு முழுதாகப் பார்த்தால் நட்டம் இல்லை, மாதம் 300 பவுண் கூடத்தான் வருகிறது. ஆனால் தாயின் கணக்கில் 678 குறைகிறது, பிள்ளையின் கணக்கில் 981 ஏறுகிறது. வாடகையும் சாப்பாடும் தாயின் கணக்கிலிருந்துதான் போகின்றன. அந்தப் பிள்ளைக்கு வயது பதினாறு, அதன் முதல் சம்பளம் அது. இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டியே பேசாத வீடுகளில்தான் டிசம்பருக்குள் சண்டை வருகிறது.

சின்னச் சின்ன வித்தியாசங்களும் உண்டு. முழுநேரம் படிக்கும் 18 வயது வரையான பிள்ளைக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு இலவசம், அப்ரென்டிஸுக்கு அந்தச் சலுகை இல்லை, ஒரு மருந்துக்கு 9.90 பவுண். வீட்டில் ஒரே பெரியவராக இருக்கும் பெற்றோருக்கு, உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் 25 சதவீதக் கழிவும் இருக்கிறது. சைல்ட் பெனிஃபிட் வரும் 18 வயதுப் பிள்ளையை அதில் பெரியவராக எண்ணமாட்டார்கள். கிழமைக்கு 195 பவுணுக்கு மேல் எடுக்கும் அப்ரென்டிஸை 18 ஆனதும் எண்ணுவார்கள், கழிவு போய்விடும்.

கைவேலை கற்க வேண்டும், ஆனால் வீட்டுக் காசும் விழக் கூடாது என்றால் டி லெவலைத் தள்ளிவைக்காதீர்கள். இரண்டு வருடப் படிப்பு, குறைந்தது 315 மணி நேரம் ஒரு வேலைத்தளத்தில் பழக வேண்டும், சட்டத்தில் முழுநேரப் படிப்பு. எனக்கென்னவோ, ஒரே பிள்ளை உள்ள, சம்பளம் குறைந்த வீட்டுக்கு முதல் இரண்டு வருடம் இதுவும், பதினெட்டில் அப்ரென்டிஸ்ஷிப்பும் நல்ல பொருத்தம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பிள்ளைக்கு நல்ல நிறுவனத்தில் அப்ரென்டிஸ் இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதென்றால் பெனிஃபிட்டுக்காக அதை விடச் சொல்லமாட்டேன். அந்த இடம் அடுத்த வருடமும் காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, நேரே வேலை. இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதோ ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருக்கத்தான் வேண்டும், 2015இலிருந்து அதுதான் சட்டம். வேலை செய்வதென்றாலும் கூடவே பகுதிநேரப் படிப்பு வேண்டும். படிப்பை விட்டுவிட்டு கிழமைக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பள வேலை என்றால் சைல்ட் பெனிஃபிட் இல்லை. அப்ரென்டிஸ்ஷிப்பில் போகும் எல்லாமே இதிலும் போகும், கையில் ஒரு தொழிலும் மிஞ்சாது. அதனால் இதைப் பற்றி நீட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் இடையில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 16, 17 வயதுப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு அரசின் தொழில் வழிகாட்டும் சேவையிலோ இராணுவத்திலோ பதிந்தால், 20 கிழமைகளுக்கு சைல்ட் பெனிஃபிட்டை நீட்டிக் கேட்கலாம். விட்ட மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு இன்னொரு கொலிஜில் சேர்ந்தால் மறுபடி வழக்கமான முறையில் தொடங்கும். இந்த நீட்டிப்பு இல்லாவிட்டாலும், பிள்ளை வேலைக்குப் போகாத வரை, விட்ட நாளிலேயே காசு நிற்பதில்லை. பெப்ரவரி கடைசி, மே 31, ஆகஸ்ட் 31, நவம்பர் 30, இந்த நான்கில் எது முதலில் வருகிறதோ அதுவரை வரும்.

வருடம் 60,000 பவுணுக்கு மேல் உழைப்பவர் உள்ள வீடுகளில் சைல்ட் பெனிஃபிட்டின் ஒரு பங்கை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000இல் முழுவதும் போய்விடும். அவர்களுக்கு இந்த அலசலில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம், சிக்ஸ்த் ஃபோம் எடுத்த வீடுகளும் இந்த வெட்டைத் தள்ளிப்போடத்தான் செய்கின்றன. ஏ லெவல் முடித்து யூனிவர்சிட்டிக்குப் போனாலும் அந்த ஆகஸ்ட் 31 உடன் அதே 678 போகும், ஏனென்றால் பட்டப்படிப்பு இந்தக் கணக்கில் வராது. பிள்ளைக்குக் கிடைக்கும் கடன் பிள்ளையின் பெயரில்தான். படிக்கவும் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை என்றால் 18இல் பிள்ளை தன் பெயரிலேயே யூனிவர்சல் கிரெடிட் கேட்கலாம், 25 வயதுக்குக் கீழே மாதம் 316.98 பவுண்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகன் எலெக்ட்ரிஷன் அப்ரென்டிஸ்ஷிப்பில் சேருவதற்கு முன்னாலேயே, ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் இருத்தி, பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் இரண்டு கோடு கீறி, ஒரு பக்கம் தன்னுடைய கணக்கையும் மறுபக்கம் அவனுடையதையும் எழுதிக் காட்டினார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் ஃபோனை எடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் 70 பவுண் அம்மாவின் கணக்குக்குப் போகிற மாதிரி ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டான். பஸ் காசையும் ஃபோன் பில்லையும் இனித் தானே பார்ப்பதாகச் சொன்னான். இழப்பு முழுதாக நிரம்பவில்லை, மீதிக்கு அக்கா புதன்கிழமைகளில் ஒரு ஷிஃப்ட் கூட எடுத்தார்.