கார்டா ஏரியில் 380 யூரோ போனது: குழந்தையோடு வியா ஃபெராட்டா போகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்குக் கடைசி மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." 380 யூரோ போச்சு. இரவெல்லாம் தூக்கமில்லை, விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடை விடுமுறைக்கு நம்மவர்கள் நிறையப் பேர் இத்தாலிப் பக்கம் போவார்கள். ஒரு குடும்பமாவது தப்பிக்கட்டும்.

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். கோவையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். அவனுக்கு மலை என்றால் சாப்பாடே வேண்டாம். வடக்கு இத்தாலியில் கார்டா ஏரியின் வடமுனையில் ரீவா என்ற ஊர் இருக்கிறது. ஊரின் மேற்கில், ஏரியை ஒட்டியே செங்குத்தாகப் பாறைச் சுவர். அதில் பல வருடங்களாக இருக்கும் வழிக்கு 'வியா தெல்லமிச்சீட்சியா' என்று பெயர், நட்பின் வழி என்று அர்த்தம். வியா ஃபெராட்டா என்றால் பாறையில் இரும்பு ஏணிகளும் கம்பி வடமும் அடித்து வைத்த பாதை. இடுப்புப் பட்டையிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆணியிலும் ஒன்றைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டி, பிறகு மற்றதை மாட்டி ஏறுவார்கள். எந்த நேரமும் ஒரு கொக்கியாவது வடத்தில் இருக்கும்.

சுற்றுலா ஏற்பாடுகளைப் பதிவு செய்யும் ஒரு தளத்தில் பார்த்தேன். "ஏரிக்கு மேலே, முதல்முறை ஏறுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது, சான்று பெற்ற வழிகாட்டி, உபகரணம் சேர்த்து, அரை நாள்." ஒருவருக்கு 95 யூரோ. நான், மனைவி, மகள், மச்சினன், நான்கு பேருக்கு 380 யூரோ.

பணம் கட்டும் முன் எனக்குத் தயக்கம் இருந்தது. மகளுக்குப் பதினொரு வயது. அதனால் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "உங்கள் மகளின் எடை என்ன?" 34 கிலோ என்று எழுதினேன். "நல்லது, 40 கிலோவுக்குக் குறைந்தவர்களை வழிகாட்டி தனிக் கயிற்றில் கட்டி அழைத்துப் போவார், அதைக் குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். இந்த ஒரு பதிலில்தான் நான் விழுந்தேன். வயதைக் கேட்பவர்கள் இருப்பார்கள், எடையைக் கேட்கிறார்களே, அப்படியென்றால் விஷயம் தெரிந்தவர்கள் என்று மனைவியிடமே சொன்னேன். அன்று இரவே 380 யூரோவையும் முழுசாகக் கட்டிவிட்டேன்.

அந்த எடைக் கணக்கு சும்மா சொல்வதில்லை. வடத்தில் வழுக்கினால் கீழே இருக்கும் ஆணி வரை சில மீட்டர் விழுவோம். ஆனால் நம்மைப் பிடிக்கும் கொக்கிப் பட்டையின் நீளமோ ஒரு மீட்டர் அளவுதான். அதிர்ச்சியைத் தாங்க உள்ளே மடித்துத் தைத்த ஒரு பட்டை இருக்கும். விழும்போது அதன் தையல் பிரிந்து பிரிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்த பிள்ளைக்குத் தையல் சரியாகப் பிரியாது, மொத்த அடியும் உடம்பில் இறங்கும். ஐரோப்பியத் தரம் இ.என். 958-இன் 2017 பதிப்பு, இந்தக் கருவி 40 முதல் 120 கிலோ வரை உள்ளவர்களுக்கு என்றே வைத்திருக்கிறது. அதனால்தான் குழந்தைகளை மேலிருந்து கயிற்றில் கட்டி ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரீவாவின் அப்பொனாலே கோபுரத்தடியில் நின்றோம். 7.50-க்கு ஸ்கூட்டரில் ஓர் இளைஞர் வந்தார். மன்னிப்பும் இல்லை, பெயரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பை கொடுத்து, "மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம், வெயில் ஏறிவிடும்" என்றார். அதுவும் நியாயம்தான், அந்தச் சுவர் கிழக்கே பார்த்தது, காலையிலேயே காயும். பையைத் திறக்காமல் நடந்தோம். பழைய கோட்டையைத் தாண்டி, காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். மகள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் நடந்தாள்.

முதல் ஏணிக்கு அடியில் பையைத் திறந்தோம்.

மகளுக்கு வந்தது பெரியவர்கள் போடும் இடுப்புப் பட்டை. இழுத்து இறுக்கிய பிறகும் நான் இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தபோது இடுப்பெலும்பைத் தாண்டி வழுக்கி வந்தது. கால் வளையம் அளவு குறையாததால் அந்த ஆள் அதில் ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சு! கொக்கி ஒன்றின் வாய் தானாக மூடவில்லை, கட்டை விரலால் தள்ளினால்தான் மூடியது. தயாரித்த வருடம் இருக்க வேண்டிய சீட்டில் எழுத்தே இல்லை, வெளுத்த வெறும் துணி.

"கயிறு எங்கே?" என்றேன்.

"எந்தக் கயிறு?"

வாட்ஸ்அப் பதிலைக் காட்டினேன். "எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் போகிறார்கள்" என்றார். வழிகாட்டி அட்டையைக் கேட்டேன், வண்டியில் இருக்கிறதாம். மேலே பார்த்தேன். அந்த வழியில் ஓர் ஏணியே 70 மீட்டர். கீழே நேராக ஏரி, கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர் உயரத்தில் இருக்கும் தண்ணீர். வழி முடியும் சிகரம் 1246 மீட்டர். இதைத்தான் 'அரை நாள்' என்று போட்டிருந்தார்கள்.

மச்சினன்தான் முதலில் சொன்னான், "மாமா, வேணாம், இறங்கிடலாம்." மனைவி ஏற்கெனவே மகளின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அமைதியாகச் சொன்னார்: "நீங்களாக விலகினால் பணம் திரும்பாது."

அப்புறம் பந்தாட்டம். தளத்தில் எழுதினால் ஏற்பாட்டாளரைக் கேளுங்கள் என்றார்கள். ஏற்பாட்டாளரோ பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்றார். மூன்றாம் நாள், "வாடிக்கையாளர் பாதி வழியில் பயந்து விலகினார் என வழிகாட்டி பதிவு செய்துள்ளார்" என்று பதில். பயந்து விலகினோமாம்! நான்காம் நாள், அடுத்த பதிவுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அதாவது 380 யூரோவை வாங்கிக்கொண்டு, இன்னொரு முறையும் அவர்களிடமே போகச் சொல்கிறார்கள். எடையைக் கேட்ட அந்த வாட்ஸ்அப் எண் இப்போது பதிலே தருவதில்லை, இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசியமானது மட்டும் சொல்கிறேன். இத்தாலியில் இந்த மாதிரி வழியில் காசு வாங்கி ஆட்களை ஏற்றிச் செல்ல 'குயிதா ஆல்பினா' என்ற மலை வழிகாட்டித் தகுதி வேண்டும், 1989-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம் இருக்கிறது. பணம் கட்டும் முன்பே வழிகாட்டியின் பெயரையும் அட்டைப் படத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பையை ஊருக்குள்ளேயே திறந்து, சீட்டையும் கொக்கியையும் பாருங்கள், மேலே போய்ப் பார்க்கலாம் என்றால் நகராதீர்கள். 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் கயிற்றைக் கண்ணால் பார்க்காமல் ஓர் அடி வைக்காதீர்கள். எல்லாவற்றையும் படம் எடுங்கள். நான் ஏரியைத்தான் எடுத்திருக்கிறேன், பட்டையை எடுக்கவில்லை.

மகள் மட்டும் ஏணியை ஒரு படம் எடுத்திருக்கிறாள். அதன் ஓரத்தில் அந்த முடிச்சு தெரிகிறது. கார்டு பணத்தைத் திரும்பக் கேட்டு இன்று பத்து மணிக்கு வங்கியில் மனு கொடுக்க வேண்டும், அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.