இரண்டு தாமானா, முன்தளத்தில் பூமா?

மும்பை கேட்வேயிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் பாய் விரித்துப் போகும்போது, முன்பாய்க்கும் பாய்மரத்துக்கும் நடுவே கட்டும் சின்னப் பாயான ஸ்டேசெயில் யாருக்கும் ஞாபகம் வராது. பிற்பகல் வடமேற்குக் காற்று முதுகுப் பக்கம் தள்ளிக்கொடுக்கும். திரும்பி வரும்போதுதான் சோதனை. அதே காற்று இப்போது முகத்துக்கு நேரே. நங்கூரம் போட்ட கப்பல்களுக்கும் எலிஃபன்டா லாஞ்சுகளுக்கும் நடுவே மாறி மாறி டேக் அடித்து, அதாவது காற்று ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் படும்படி படகைத் திருப்பித் திருப்பித்தான் கரை சேர வேண்டும். வத்தம், அதாவது கடல் வற்றும் நீரோட்டம், வெளியே இழுக்கும் நேரமானால் இன்னும் நாலு டேக் கூடும்.

நானும் அத்தானும் சேர்ந்து வைத்திருப்பது 34 அடிப் படகு, முன்னால் ஃபர்லர் என்ற உருளையில் சுருட்டும் ஜெனோவா என்ற பெரிய முன்பாய் ஒன்றுதான். காற்றின் வேகம் 18 நாட்டை (மணிக்கு 18 கடல்மைல்) தாண்டினால் அதைப் பாதி சுருட்டுவோம். மிச்சப் பாய் பை மாதிரி உப்பி, படகைக் காற்றுக்கு எதிரே ஏறவிடாமல் பக்கவாட்டில் தள்ளும். அதனால்தான் உள்ளே தள்ளி, தாழ்வாக, தட்டையாக ஒரு சின்னப் பாய் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

ஸ்டேயை, அதாவது அந்தச் சின்னப் பாயைத் தாங்கும் கம்பியை, நிரந்தரமாகக் கட்டுவதா, கழற்றி மாட்டுவதா என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இருக்கவில்லை. 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டாரே, அப்படி மாதக்கணக்கில் கடலில் கிடப்பவருக்கு எந்த நேரமும் தயாராக நிற்கும் ஸ்டேதான் சரி. எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களுக்கு அது இடைஞ்சல். ஒவ்வொரு டேக்கிலும் ஜெனோவா அதில் உரசிச் சிக்கும். கழற்றும் ஸ்டே, கொக்கி மாட்டும் பாய், இதுவே போதும். ஆனால் கீழ்முனையை வெறும் தளத்தில் மட்டும் போல்ட் போட்டு நிறுத்திவிடாதீர்கள். இழுவை தளத்துக்குக் கீழே உள்ள தடுப்புச்சுவருக்கோ படகின் உடலுக்கோ இறங்க வேண்டும். இல்லையென்றால் தளமே மேலே வளையும். பாய்மரத்தில் ஸ்டே பிடிக்கும் இடம் உச்சியிலிருந்து நன்றாகக் கீழே இருந்தால், அந்த இழுப்புக்கு எதிராகப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பியான ரன்னிங் பேக்ஸ்டே வேண்டும். உச்சிக்குப் பக்கத்திலேயே பிடித்தால் அது தேவைப்படாது.

எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்தது பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறான ஷீட்டைப் பற்றித்தான். தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்த அப்பா அதைத் தாமான் என்பார். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

அத்தான் கேட்டது பூம். பாயின் அடிவிளிம்பில் ஒரு கட்டை, ஒரே ஒரு தாமான். சுக்கானைத் திருப்பினால் பாய் தானாக மறுபக்கம் போய்விடும், கையில் எதுவும் இழுக்க வேண்டாம். இரண்டே பேர் ஓட்டும் படகில் இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்தளத்தில் நங்கூரம் எடுக்கக் குனிகிறவரின் முழங்கால் உயரத்தில் அது ஆடுகிறது. தெரிந்தவர் ஒருவரின் படகில் பாயை இறக்கும்போது, "அத்தான், காலை எடுங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. இரண்டு வாரம் நொண்டினார். அதற்குப் பிறகு முன்தளத்தில் குறுக்கே வளைந்த தண்டவாளம் (டிராக்) போட்டுப் பாயைத் தானாக மாறவைக்கலாமா என்று பார்த்தோம். கட்டை இல்லை, ஆபத்தும் குறைவு. எதிர்காற்றில் அருமையாக வேலை செய்யும். தாமானைக் கொஞ்சம் தளர்த்தினால் மட்டும் பாயின் பின்மூலை மேலே எழும்பி, மேல்பாதி காற்றைச் சிந்திவிடும்.

நான் நின்றது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாமானில். ஒவ்வொரு டேக்கிலும் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்ற வேண்டும், உண்மைதான். ஆனால் பாய் சின்னது. டேக் முடிந்து பாய் நிரம்புவதற்குள் கையாலேயே முக்கால்வாசி இழுத்துவிடலாம். இதைவிடப் பெரிய காரணம், மே மாதக் கடைசியில் திடீர்க் காற்று அடித்தால் படகை நிறுத்திவைக்க வேண்டிவரும். தாமானை அவிழ்க்காமல் டேக் அடித்தால், ஸ்டேசெயில் காற்றுப் பக்கமே பிடித்துக்கொண்டு நிற்கும். சுருக்கிய பெரிய பாயும் சுக்கானும் எதிர்த்து நிற்க, படகு அடங்கும். தானாக மாறும் பாயில் இதைச் செய்ய யாராவது முன்னால் போய்க் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் முன்தளத்துக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது.

தாமானை, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பியான ஷ்ரவுடுக்கு உள்பக்கமாக, கேபின் கூரை மேலுள்ள டிராக்குக்குக் கொண்டுபோனோம். படகின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 10 பாகை. இன்னும் உள்ளே இழுத்தால் இந்தப் பாய் தள்ளும் காற்று பெரிய பாயின் முன்பகுதியைக் குழிய வைக்கும். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தளர்த்துவோம். முன்விளிம்பில் கம்பளி நூல் மூன்று ஒட்டியிருக்கிறேன். மேல்நூல் முதலில் துள்ளினால் டிராக்கின் கப்பியை முன்னே நகர்த்துவேன், கீழ்நூல் துள்ளினால் பின்னே.

தாமானை மாட்டப் பின்மூலையில் ஷாக்கிள் என்ற இரும்புக் கொளுவி வேண்டாம் என்பதில் மட்டும் அத்தானும் நானும் முதல் நாளிலிருந்தே ஒன்று. படபடக்கும் பாயில் அந்த இரும்பு யார் முகத்திலும் படலாம். 10 மில்லிமீட்டர் கயிறு ஒன்றையே நடுவில் மடித்து, வளையத்தில் நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்பு வழியாக இழுத்து இறுக்கியிருக்கிறோம். முடிச்சுக் குமிழ் இல்லாததால் பாய்மரத்தைத் தாண்டும்போது எதிலும் தட்டாமல் வழுக்கிப் போகிறது.