உண்ணி பார்க்கும் பாட்டில்: இத்தாலியன் ஈ இருந்தால் வாங்கலாம்

தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆன்லைனில் வாங்கிய பாட்டில். மூடியில் கம்பி வலை, பக்கத்தில் அளவுக்கோடு, கூடவே ஒரு செய்முறைச் சீட்டு. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வைத்திருக்கும் இத்தாலியன் ஈ (வெளிநாட்டுத் தேனீ இனம்) பெட்டிகளில் போட்டுப் பார்த்தேன். பாட்டில் நல்லது, சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

ஈப் புழு வளர்கிற அடைச் சட்டத்தை எடுத்து, ராணி அதில் இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டு, அரைக் கப் ஈயை உள்ளே தட்டினால் சுமார் 300 ஈ இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சீனி போட்டு உருட்டி, ஓரிரு நிமிடம் நிழலில் வைத்து, அப்புறம் கவிழ்த்து வெள்ளைத் தட்டில் குலுக்க வேண்டும். தட்டில் தண்ணீர் தெளித்ததும் சீனி கரைந்து, செம்பழுப்பு நிறத்தில், நண்டு மாதிரி நீளத்தைவிட அகலம் கூடின உண்ணிகள் காலை ஆட்டிக்கொண்டு மிதக்கும். எண்ணி மூன்றால் வகுத்தால் நூறு ஈக்கு இத்தனை என்று கிடைக்கும், அது மூன்றைத் தாண்டினால் மருந்து வைத்தே ஆக வேண்டும். ஈ சாகாது, மாவு பூசினாற்போலப் பெட்டிக்குள் போனதை மற்ற ஈக்கள் நக்கிவிடும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்தபிறகு இந்த வேலை வேண்டாம், ஈரத்தில் சீனி கட்டிபிடித்து வலை அடைந்துவிடும், ஒன்றும் விழவில்லை, பெட்டி சுத்தம் என்று நாமும் நம்பிவிடுவோம்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, மாதம் ஒருமுறை சீனி தூவினால் உண்ணி ஒழியுமாம்! புழு இருக்கும் காலத்தில் பாதிக்கு மேல் உண்ணி, ஈ மெழுகால் மூடிய புழு அறைக்குள்தான் இருக்கும், சீனி அங்கே எப்படிப் போகும்? உண்ணிக்கு மருந்தாக வைக்கும் ஆக்சாலிக் அமிலமும் போகாது. ஃபார்மிக் அமில ஆவி மூடியைத் தாண்டி உள்ளே போகும், ஆனால் சூடு 30 டிகிரியைத் தாண்டுகிற நாளில் வைத்தால் ராணியைப் பறிகொடுக்கவும் நேரும். நம்மூரில் நாள் பார்த்துத்தான் வைக்க வேண்டும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ரப்பர் தளிர்விட்டு தேன் இறங்குகிற சமயத்தில், மேலே தேன் சட்டம் இருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம்.

மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் நாட்டு ஈ வளர்க்கிறவர்களே அதிகம், அவர்களுக்கு இது தண்டச் செலவு. இந்த உண்ணி ஆதியிலிருந்தே நாட்டு ஈயோடு வாழ்ந்தது, அங்கே பெரும்பாலும் ஆண் ஈ அறையில்தான் பெருகும், ஈயே கடித்தும் போட்டுவிடும். 1990களின் தொடக்கத்தில் நம் பெட்டிகள் காலியானது உண்ணியால் இல்லை, புழுவைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸால். அதில் புழு அறைக்குள் தலை நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும், குச்சியால் எடுத்தால் நீர் கோர்த்த பையாக வரும். அதைக் கண்டுபிடிக்கக் கண் போதும்.

விலை கூடுதல் என்று பட்டால், வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியை வெட்டி, ஹார்டுவேர் கடையில் எட்டில் ஓர் அங்குலக் கண் உள்ள கம்பி வலை வாங்கி ஒட்டினாலும் இதே வேலை நடக்கும். கொசுவலை மட்டும் வேண்டாம், அதில் உண்ணி நின்றுவிடும்.