ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு இஎம்ஐ போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

பள்ளி திறக்கும் நேரம் வந்தால் அப்பார்ட்மென்ட் வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த நோட்டீஸ் தவறாமல் வரும். "உங்கள் பிள்ளை நாளைய விஞ்ஞானி! ரோபோட்டிக்ஸ், கோடிங், ஏஐ. இலவச டெமோ." எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டீஸ் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாயை விழுங்கிவிட்டது. சென்டருக்குப் பூட்டுப் போட்ட பிறகும் தவணை மட்டும் மாதாமாதம் என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் சென்டரின் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயர் தெரிந்தும் பெரிய பயன் இருக்காது. இதே வேலையை வேறு வேறு போர்டு மாட்டி நிறையப் பேர் செய்கிறார்கள்.

நாங்கள் இருப்பது சென்னைப் புறநகர். பையன் ஏழாம் வகுப்பு. ரிப்பேரான மிக்ஸியோ பழைய ரிமோட்டோ எது கையில் கிடைத்தாலும் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவான். அந்த மாதிரிப் பிள்ளைகளின் பெற்றோர்தான் இவர்களுக்கு வேண்டும்.

டெமோவில் ஒரு குட்டி ரோபோ கார் வெள்ளை ஃப்ளெக்ஸ் மேல் இருந்த கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழகாக வளைந்து வளைந்து ஓடியது. பையன் கண் எடுக்கவில்லை. அடுத்த அறையில் 'கவுன்சிலர்' ஒரு பெண். பையன் ஆப்டிட்யூட் டெஸ்டில் எக்கச்சக்கமாக மார்க் வாங்கியிருக்கிறானாம். (பக்கத்து பிளாக் பிள்ளைக்கும் அதே மார்க் என்பது பிறகு தெரிந்தது.) "வருஷ ஃபீஸ் 52,000 மேடம். இன்னைக்கே சேர்ந்தா 36,000. மாசம் 3,000தான், நோ காஸ்ட் இஎம்ஐ. ஸ்கூல் ஃபீஸ் மாதிரி நினைச்சுக்கோங்க." ஆதார், பான், ஒரு ஓடிபி. முடிந்தது.

மாதாமாதம் சென்டருக்குக் கட்டும் ஃபீஸ் என்றுதான் இதைச் சொல்லி விற்கிறார்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன் அது. 36,000 மொத்தமும் சேர்ந்த வாரமே சென்டரின் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு கிளாஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடனாளி நீங்கள்தான். இது போக, ரோபோ செய்யும் சாமான்கள் அடங்கிய கிட்டுக்கு 8,500 தனி.

வகுப்பு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம். மேஜைக்கு ஒரு லேப்டாப், அதில் புரோகிராம் ஏற்கெனவே ஏற்றித் தயாராக இருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து அப்லோடு பட்டனை அமுக்க வேண்டும். கார் ஓடும், கைதட்டல், ஒரு வீடியோ. சாயங்காலம் குழுவில் "எங்கள் குட்டி இன்னோவேட்டர்" என்று பின்னணி இசையோடு அந்த வீடியோ வரும். நானும் அதை மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஃபார்வர்டு செய்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு என் தம்பி வந்தான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ (இசிஈ) முடித்து ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறான். மாமாவுக்குக் காட்டுவதற்காகப் பையன் ஹால் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி ரோபோவை விட்டான். அது கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. டைல்ஸ் பளபளப்பு, ஜன்னல் வெளிச்சம், வேறு டேப் என்று எல்லாமே சென்டர் ஃப்ளெக்ஸிலிருந்து மாறியிருந்தன. தம்பி அதைத் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் கோட்டைப் பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் இரண்டு. ஒவ்வொன்றிலும் நகம் அளவு நீலப் பெட்டி, அதன் தலையில் குட்டித் திருகு. தரைக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைப்பதற்கான பிரீசெட் அது. இரண்டின் மேலும் பசைத் துப்பாக்கியால் பசை ஊற்றி மூடியிருந்தார்கள்.

"இது எதுக்குடா இருக்கு?" என்று பையனிடம் கேட்டான்.

"அதைத் தொடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார் மாமா."

தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, இந்த மொத்த ரோபோவுல பிள்ளை கத்துக்க வேண்டிய இடமே இதுதான். அதைப் பார்த்து அடைச்சு வச்சிருக்காங்க" என்றான்.

நகவெட்டியால் பசையைப் பெயர்த்து, ஸ்குரூடிரைவரைப் பையன் கையில் கொடுத்தான். டேப் மேல் சென்சாரைப் பிடித்தால் சிவப்பு விளக்கு அணைய வேண்டும், வெள்ளைத் தரையில் எரிய வேண்டும். கால் திருகு இந்தப் பக்கம், அரைத் திருகு அந்தப் பக்கம் என்று சாப்பாடு மறந்து உட்கார்ந்தான். கார் கோட்டைப் பிடித்து ஓடியது. ஓடிய சிறிது நேரத்தில் விக்கி விக்கி நின்றும் போனது. அதற்கும் காரணம் இருந்தது. கிட்டில் கொடுத்திருந்தது மல்டிமீட்டருக்குப் போடும் 9 வோல்ட் சதுர பேட்டரி. மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கும் கரண்ட்டை அதனால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் சடாரென்று இறங்கும், ரோபோவின் மூளையான ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகும். சென்டரில் இதற்குச் சொன்ன வைத்தியம், "புது பேட்டரி வாங்கிக்கோங்க மேடம், எங்க கிட்டேயே இருக்கு." தம்பி சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல் இரண்டை ஹோல்டரில் போட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.

கிட்டின் விலைக்கு வருகிறேன். ஆர்டுயினோ உனோவைப் பார்த்து வேறு கம்பெனி செய்த குளோன் போர்டு ஒன்று, மோட்டார் டிரைவர் ஒன்று, மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, சக்கரம், அக்ரிலிக் தட்டு, ஐஆர் சென்சார் இரண்டு, தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, ஒயர்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதே சாமான்களுக்கு விலை கேட்டால் மொத்தம் 1,500-ஐத் தாண்டவில்லை. குளோன் போர்டில் தப்பில்லை; ஆர்டுயினோவின் வடிவமைப்பே யாரும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விடப்பட்டதுதான். அதன் மேல் சொந்த ஸ்டிக்கரை ஒட்டி 'இம்போர்ட்டட் கிட்' என்று 8,500-க்கு விற்றதுதான் தப்பு.

திருகைப் பற்றி வகுப்பில் கேட்ட பையனுக்கு "சிலபஸ்ல இல்லாததைக் கேட்காதே" என்று பதில் வந்தது. நேரில் போய்ப் பேசினேன். சொல்லிக்கொடுப்பவர் பார்ட் டைமாக வந்த கல்லூரி மாணவர். "எனக்கே போன மாசம்தான் மேடம் டிரெயினிங் கொடுத்தாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் சம்பள பாக்கி இருந்தது.

அடுத்த வசூல் 'நேஷனல் ரோபோட்டிக்ஸ் ஒலிம்பியாட்'. நுழைவுக் கட்டணம் 3,500. ஒரு கல்யாண மண்டபம், ஷாமியானா, நடிகர் ஒருவரின் கட்அவுட். பிள்ளைகள் தாங்கள் கொண்டுவந்த காரை ஓட்டிக் காட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தங்க மெடல். என் கண்ணுக்குத் தெரிந்து வெள்ளி வாங்கிய ஒரு பிள்ளையைக்கூட அந்த மண்டபத்தில் பார்க்கவில்லை. மெடல் கழுத்தில் இருக்கும்போதே கையில் அடுத்த காகிதம்: இன்டர்நேஷனல் ரவுண்டு, வெளிநாட்டில், பிள்ளையும் ஒரு பெற்றோரும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அன்று ராத்திரி உட்கார்ந்து உண்மையான போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று படித்தேன். வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாட் 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கியது; 2016-இல் அதன் இறுதிச் சுற்று டெல்லியில் நடந்திருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்த அணிகள். போட்டி நாளன்று காலையில் யாரும் எதிர்பாராத புது விதி ஒன்றை அறிவிப்பார்கள். கோச் உதவியில்லாமல் பிள்ளைகளே அதற்குத் தக்கபடி ரோபோவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபர்ஸ்ட் லீகோ லீக் என்ற இன்னொரு போட்டியில் ரோபோ ஓடுவது இரண்டரை நிமிடம்தான். அது போக, ஏன் இப்படிக் கட்டினாய், எது சொதப்பியது, எப்படிச் சரி செய்தாய் என்று நடுவர்கள் உட்காரவைத்துக் கேட்பார்கள். பெரியவர்கள் செய்து கொடுத்த ரோபோ அந்தக் கேள்விகளில் மாட்டிக்கொள்ளும். இதை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பை 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய டீன் கேமன் ஒரு கண்டுபிடிப்பாளர். விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் இன்ஜினியரிங் செய்யும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அசலின் பெயரும் பளபளப்பும் மட்டும் இங்கே நோட்டீஸில் ஏறிவிடுகின்றன.

நோட்டீஸில் ஏறும் மற்ற முத்திரைகளையும் பாருங்கள். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் நடைமுறைகளை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்பதற்கான சான்று. பாடம் நன்றாக இருக்கிறது என்று அது எங்கும் சொல்வதில்லை. 'எம்எஸ்எம்இ அங்கீகாரம்' என்று போட்டிருப்பது சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரை வைத்துக்கொண்டு யாரும் ஆன்லைனில் காசில்லாமல் செய்துகொள்ளலாம், மாவு மில்லுக்கும் உண்டு.

நான் வெளிநாட்டு ரவுண்டு வேண்டாம், மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டதிலிருந்து கதை மாறியது. சென்டர் ஹெட் ஆபீஸைக் கேட்கச் சொன்னது. ஹெட் ஆபீஸ், "அது ஃபிராஞ்சைஸ், அவங்களைத்தான் கேட்கணும்" என்றது. ரசீதில் அடியில் 'நான் ரீஃபண்டபிள்' என்று பொடி எழுத்து. பரீட்சை லீவு என்று குழுவில் ஒரு மெசேஜ் வந்தது. லீவு முடிந்து போனால் வாசலில் டு-லெட் போர்டு.

இனி பணம். கடனைக் கட்டுவதை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் கை பரபரக்கும். ஆனால் ஆட்டோ டெபிட்டுக்கு ஓடிபி கொடுத்திருக்கிறோம். பவுன்ஸ் ஆனால் அபராதம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அதனால் ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறேன் என்று நிதி நிறுவனத்துக்கு மெயில் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் செய்யலாம், செலவில்லை. சென்டர் மேல் முதலில் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவு செய்தேன். அதில் அசையவில்லை என்றதும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீதில் 'நான் ரீஃபண்டபிள்' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ஹெட் ஆபீஸையும் ஃபிராஞ்சைஸையும் சேர்த்தே எதிர்மனுதாரராகப் போட்டிருக்கிறேன்.

சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டெமோவில் அந்த ரோபோவைத் தூக்கி வேறு தரையில் விடச் சொல்லுங்கள். ஓடாமல் போனால் பரவாயில்லை. ஏன் ஓடவில்லை என்று சொல்லிக்கொடுப்பவர் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து தேடுகிறாரா, அவசரமாக ஃப்ளெக்ஸ் மேல் திரும்ப எடுத்து வைக்கிறாரா என்று பாருங்கள். கிட்டின் சாமான் பட்டியலை விலையோடு கேளுங்கள். ஃபீஸை மாதாமாதம் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். லோன் ஆப் வழியாகத்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிபி கொடுத்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் கடன் ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் அவகாசம் எத்தனை நாள் என்று இப்போதே பாருங்கள். அதற்குள் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம்.

காசு கொடுப்பதற்கு முன், பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பழகும் அடல் டிங்கரிங் லேப் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்காக மத்திய அரசு பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் வரை கொடுத்து நாடு முழுக்க அமைத்தவை இவை. எங்கள் பையனின் பள்ளியிலும் இருந்தது, பூட்டியபடி. மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து பிரின்சிபாலைப் பார்த்த பிறகு இப்போது வாரம் ஒருநாள் திறக்கிறார்கள். வீட்டில் பழக டிங்கர்கேட், ஸ்கிராட்ச் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். டிங்கர்கேடில் ஆர்டுயினோ சர்க்யூட்டைத் திரையிலேயே கட்டி ஓட்டிப் பார்க்கலாம், எரிந்துபோனாலும் நஷ்டமில்லை.

இதே மாதிரி மூடிப்போன சென்டரில் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், கிட்டைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான். நோட்டீஸ், ரசீது, யுபிஐ ஸ்கிரீன்ஷாட், கடன் ஒப்பந்தத்தின் பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரு மெயிலில் போட்டு உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவை இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.  36,000 என்று அவர்களே எழுதிய ஆஃபர் மெசேஜ் பக்கத்து பிளாக் அம்மாவின் பழைய போனில்தான் கிடைத்தது.